சிஎன்சி ரவுட்டருக்கு மோட்டார் மாற்றப் போகிறீர்களா? முதலில் திருகைப் பாருங்கள்

கணினி சொல்கிறபடி மரத்தை வெட்டிச் செதுக்கும் சிஎன்சி ரவுட்டரில், வேலை நடுவில் டிசைன் இரண்டு மூன்று மில்லி தள்ளி விழுந்தால் எல்லாரும் முதலில் மோட்டாரைத்தான் திட்டுவார்கள். பாதி நேரம் குற்றம் அதன் மேல் இருக்காது. கரண்டை நிறுத்தி, மோட்டார் தண்டையும் திருகையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றி, திருகை இரண்டு விரலால் சுற்றிப் பாருங்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் பிடிக்கிறது என்றால் திருகு வளைந்திருக்கும், இல்லையென்றால் நட்டு தாங்கி கோணலாக இருக்கும். அதைச் சரிசெய்யாமல் பெரிய மோட்டாரைப் போட்டால், பிடிக்கிற இடத்தில் அது சட்டத்தையே நெளிக்கும்.

இங்கே கணக்கில் எடுத்திருப்பது அலுமினியச் சட்டத்தில் கட்டிய, 600க்கு 900 மில்லி அளவுள்ள மெஷின். நெமா 17 அளவு ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகச் சுற்றுவது), 8 மில்லி தடிமனுள்ள டி8 திருகு, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் ஏ4988 டிரைவர், 12 வோல்ட் சப்ளை. மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் பெயர்ப்பலகை வெட்ட இது போதும். தேக்கிலும் வேங்கையிலும் நிலைக்கதவு வேலை செய்ய இது திணறும்.

திணறுவது எதனால்? ஸ்டெப்பர் மோட்டாரின் சுருளில் கரண்ட் ஏறுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். வேகம் கூடக் கூட ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் கிடைக்கும் நேரம் குறையும். 12 வோல்ட்டில் கரண்ட் முழுதாக ஏறுவதற்குள் அடுத்த ஸ்டெப் வந்துவிடும், அதனால் இழுவை விழுந்துவிடும். நின்ற இடத்தில் கையால் பிடித்தாலும் அசையாத மோட்டார், வேகத்தில் வழுக்குவது இதனால்தான். வோல்ட்டேஜைக் கூட்டுவது மோட்டார் சைஸைக் கூட்டுவதை விடப் பெரிய மாற்றம் தரும்.

வாங்க வேண்டியவை: 1.9 நியூட்டன் மீட்டர், 2.8 ஆம்ப் நெமா 23 மோட்டார் மூன்று. ஒய் அச்சில் இரு பக்கமும் திருகு இருந்தால் நான்கு. 3 நியூட்டன் மீட்டர் மோட்டாருக்கு ஆசைப்பட வேண்டாம். சுருளின் இண்டக்டன்ஸ் (கரண்ட் ஏறுவதைத் தடுக்கும் குணம்) அதில் பொதுவாக அதிகம், ரோட்டரும் கனம். வேகத்தில் சின்னதே ஜெயிக்கும். மோட்டாருக்கு ஒன்றாக டிஎம்542 டிரைவர், 36 வோல்ட் 350 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒன்று. டிஎம்542 தாங்குவது 50 வோல்ட் வரை. 48 போட்டால், மோட்டார் சட்டென்று நிற்கும்போது திரும்பி வரும் மின்சாரத்தால் எல்லை தாண்டிவிடலாம். 36 நிம்மதி. திருகுக்கு எஸ்எஃப்யு1605 பால் ஸ்குரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகு), மோட்டார் பக்கத்துக்கு பிகே12, மறுமுனைக்கு பிஎஃப்12 தாங்கிகளோடு.

மோட்டார் பிளேட்டைக் கடைசல் வேலை தெரிந்த இடத்தில் செய்துகொள்ளுங்கள். திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் இந்த அளவைச் சொன்னால் போதும்: 10 மில்லி அலுமினியத் தகடு, நடுத்துளை 38.2, நான்கு போல்ட் துளைகள் 47.14 மில்லி சதுரத்தில். நெமா 17இன் 31 மில்லி துளைகள் இதற்குப் பொருந்தாது. மோட்டார் தண்டு 6.35 மில்லி, திருகு முனை 10 மில்லி. கப்ளிங்கை இந்த இரண்டு அளவுக்கும் சேர்த்துக் கேளுங்கள். சுருள் வெட்டுப் போட்ட அலுமினியக் கப்ளிங் வேண்டாம், அது முறுக்கேறி விடுபடும். நடுவில் பாலியூரித்தேன் நட்சத்திரம் வைத்த ஜா கப்ளிங் நல்லது. ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் தண்டில் அரத்தால் லேசாகத் தட்டையாக்கிவிடுங்கள். வட்டத் தண்டில் முறுக்கிய ஸ்க்ரூ ஒரு மாதத்தில் வழுக்கும், அப்போதும் பழி மோட்டார் மேல்தான் வரும்.

பால் ஸ்குரூவின் நட்டை எதற்காகவும் வெளியே கழற்றாதீர்கள். குண்டுகள் சிந்தினால் திரும்பப் போடுவது பெரிய பாடு. பொருத்தும்போது நட்டு தாங்கியின் போல்ட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கி, வண்டியை (திருகு நகர்த்தும் பாகத்தை) பிகே12 பக்கம் கொண்டுபோய் அங்கே இறுக்குங்கள். பிறகு மறுமுனைக்குத் தள்ளி பிஎஃப்12ஐ அதன் போக்கில் உட்கார விட்டு இறுக்குங்கள். வரிசையை மாற்றினால் நடுவில் இலகுவாகவும் ஓரத்தில் இறுக்கமாகவும் ஓடும்.

ஒயரிங்கில் முதல் விதி: டிரைவரில் கரண்ட் இருக்கும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்காதீர்கள், டிரைவர் போய்விடும். சுருள் ஜோடியைக் கண்டுபிடிக்க மீட்டர் கூட வேண்டாம். இரண்டு ஒயரைச் சேர்த்துப் பிடித்துத் தண்டைச் சுற்றினால், ஒரே சுருளாக இருந்தால் தண்டு சுற்றக் கடினமாகும். 0.75 சதுர மில்லி, நான்கு கோர், ஷீல்டு உள்ள கேபிள் போடுங்கள். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். வெட்டும் ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டியின் கேபிள் இதன் பக்கத்தில் ஓடக் கூடாது, அதன் மின் இரைச்சலில் அச்சின் எல்லையைக் காட்டும் லிமிட் ஸ்விட்ச் தானாக அடிக்கும்.

டிரைவரில் கரண்டை உச்சம் 3.31 ஆம்பில் வையுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் 3.76க்குப் போகத் தேவையே இல்லை. டிரைவரின் நான்காவது குட்டி ஸ்விட்சை, மோட்டார் நிற்கும்போது பாதிக் கரண்ட் தரும் நிலையில் வையுங்கள். மைக்ரோ ஸ்டெப்பை (ஒரு ஸ்டெப்பைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது) ஒரு சுற்றுக்கு 1600 என்று வையுங்கள். திருகு ஒரு சுற்றுக்கு 5 மில்லி நகரும், ஆக ஒரு மில்லிக்கு 320 ஸ்டெப். மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் எக்ஸ், ஒய் அச்சுகளுக்கான $100, $101 அமைப்புகளில் அதைப் பதியுங்கள். இசட்டுக்கும் 1605 போட்டால் $102க்கும் அதேதான். 3200 என்று வைத்தால் நுணுக்கம் கூடும் என்பது வீண் ஆசை. ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் விநாடிக்கு 30,000 ஸ்டெப் வரைதான் தரும். 3200இல் நிமிடத்துக்கு 2,800 மில்லியோடு வேகம் நின்றுவிடும். 1600இல் 5,600 வரை போகலாம். தொடக்கத்தில் உச்ச வேகத்துக்கான $110, $111இல் 3,000, முடுக்கத்துக்கான $120, $121இல் 300 வைத்து, பிறகு ஏற்றுங்கள்.

டிரைவரின் பல்ஸ் மைனஸ், டைரக்ஷன் மைனஸ் இரண்டையும் போர்டின் கிரவுண்டோடு சேர்த்து, பிளஸ்களை ஸ்டெப், டைரக்ஷன் பின்களில் கொடுங்கள். பிளஸ்களை 5 வோல்ட்டில் கட்டினால் $2இல் ஸ்டெப்பைத் திருப்பிப் போட வேண்டும். மறந்தால் ஒவ்வொரு திசைமாற்றத்திலும் ஒரு ஸ்டெப் போகும். பெரிய வெட்டில் தெரியாது. நூற்றுக்கணக்கான முறை முன்னும் பின்னும் போகிற பூவேலையில்தான் மெல்ல மெல்ல நகர்ந்து காட்டிக்கொடுக்கும்.

சோதிக்க, நுணுக்கமான நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை மேசையில் பிடித்து, வண்டியை 100 மில்லி போய் வரச் சொல்லி 50 முறை ஓட விடுங்கள். முள் அதே இடத்தில் நின்றால் ஸ்டெப் விடவில்லை. மெதுவாக ஓட்டினால் சரியாக வந்து வேகத்தில் மட்டும் விட்டால் முடுக்கம் அதிகம். எந்த வேகத்திலும் ஒரே அளவு தள்ளினால் கப்ளிங்கைப் பாருங்கள்.

மேலும் கீழும் போகும் இசட் அச்சுக்குத் தனி யோசனை வேண்டும். பால் ஸ்குரூ தன் கனத்தைத் தானே பிடிக்காது. நம் ஊரில் கரண்ட் சொல்லிக்கொண்டா போகும்? போன நொடியில் ஸ்பிண்டில் சரசரவென்று இறங்கி மரத்தில் குத்தும். இசட்டுக்கு மட்டும் ஒரு சுற்றுக்கு 2 மில்லி நகரும் ஒற்றைத்தட டி8 திருகை வைத்துக்கொள்வது எளிய வழி. அப்படியானால் $102இல் 800, இசட்டின் உச்ச வேகமான $112இல் 1,000 போதும். அச்சின் தொடக்க இடத்தை மெஷினுக்குக் காட்டும் ஹோமிங் ஸ்விட்சும் போட்டுவிடுங்கள். கரண்ட் வந்த பிறகு ஹோம் அடித்தால், வேலையின் தொடக்கப் புள்ளியான ஜி54 ஆஃப்செட் போர்டில் இருக்கும், பலகையை அசைக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஆடிக் காற்றில் வரும் மண்ணும் தேக்குத் தூளும் பால் ஸ்குரூவுக்கு ஆகாது. பழைய டி8 அழுக்கோடும் ஓடும், இது ஓடாது. திருகை மடிப்புறை போட்டு மூடுங்கள். வாரம் ஒரு தடவை துணியால் துடைத்துவிட்டு மெல்லிய லித்தியம் கிரீஸ் தடவுங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் மாதங்களில் மெஷின் இரண்டு நாள் சும்மா நின்றாலும் இதைத் தள்ளிப் போடாதீர்கள், ஈரத்தில் துரு பிடித்தால் நட்டு கரகரக்கத் தொடங்கும்.