தேற்றாங்கொட்டையால் கலங்கல் நீரைத் தெளிய வைப்பது எப்படி?

மழைக்காலத்தில் கிணற்று நீர் செம்மண் கரைசலாக வந்தால் பலரும் படிகாரத்தைத் தேடுவார்கள். என் ஓட்டு தேற்றாங்கொட்டைக்குத்தான். இந்தியா, இலங்கை, மியான்மர் நாடுகளின் இலையுதிர் காடுகளில் வளரும் தேற்றா மரத்தின் விதை அது. சங்கப் பாட்டிலேயே இந்த உத்தி வருகிறது.

நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள், காட்டில் நீங்களே பொறுக்க வேண்டாம். எட்டி மரமும் இதே பேரினம். எட்டிக்கொட்டையில் ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய விஷம் உண்டு. அது பெரிய சட்டைப் பித்தான் போல அகலமாக, தட்டையாக இருக்கும். தேற்றாங்கொட்டை அதைவிடச் சிறியது, உருண்டு திரண்டது. சந்தேகம் வந்தால் அந்தக் கொட்டையைத் தொடவே வேண்டாம்.

நீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டு, கொட்டையைச் சந்தனக் கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு இழையுங்கள். மண்பானையின் உட்புறத்தில் தேய்ப்பது பழைய வழக்கம், அதுவும் சரி. மிக்ஸி மட்டும் வேண்டாம். கொட்டை கல் மாதிரி. பிளேடு போய்விடும், விழுதும் நைசாக வராது.

அடுத்து அளவு. காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். களிமண் துகள்கள் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. விழுதில் உள்ள புரதமும் பல்சர்க்கரையும் (சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்) அவற்றைப் பிடித்துத் திரளாக்குகின்றன. கனம் கூடியதும் அடியில் படிகின்றன. விழுது அதிகமானால் துகள்கள் சேராமல் மறுபடி விலகி நிற்கும். ‘இன்னும் தெளியலையே’ என்று மேலும் மேலும் இழைத்து ஊற்றினால் கலங்கல் கூடத்தான் செய்யும்.

அதனால் முதலில் மூன்று டம்ளரில் அதே நீரை எடுத்து, விழுதைக் கரைத்த நீரை ஒன்றில் கொஞ்சம், அடுத்ததில் அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்றாவதில் நான்கு மடங்கு விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும் அப்புறம் சில நிமிடம் மெதுவாகவும் கலக்குங்கள். கடைசி வரை வேகமாகக் கலக்கினால் சேர்ந்த திரள் உடைந்துவிடும். எது நன்றாகத் தெளிகிறதோ அதே விகிதத்தில் பானைக்குப் போட்டு, மூடி, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் மேல்நீரை மட்டும் மொண்டுகொள்ளலாம்.

தெளிந்த நீர் என்றால் கிருமியில்லாத நீர் என்று அர்த்தமில்லை. குடிக்க வேண்டுமானால் கொதிக்க வைத்தே ஆகவேண்டும். உப்பும் இதில் போகாது.

பின்சேர்க்கை: தெளிந்த நீர் இரண்டு நாளில் வாடை அடிக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். நீரில் தங்கிய விழுது அழுகுவதால் வருவது அது. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் தெளிய வையுங்கள். பானை அடி வண்டலையும் தினம் கழுவிவிடுங்கள். பாதி தேய்ந்த கொட்டையை வெயிலில் காயவைத்து எடுத்து வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும். ஈரத்தோடு டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.