கச்சானுக்கு மேலே எதிர்க்காற்று: ஜெற் காற்றோட்டத்தை வகுப்பில் காட்டும் முறை

ஜெற் காற்றோட்டம் (மிக உயரத்தில் ஒடுங்கிய பட்டையாக வேகமாக ஓடும் காற்று) என்றதும் பிள்ளைகளின் கொப்பியில் வருவது ஐரோப்பாவுக்கு மேலே வளைந்தோடும் மேற்குக் காற்றுத்தான். மட்டக்களப்பு இருப்பது 7.7 பாகை வடக்கில். அந்த ஓட்டம் இங்கே எட்டாது. நமக்குரியது வெப்பவலயக் கிழக்கு ஜெற். ஜூன் முதல் செப்டெம்பர் வரை, ஏறக்குறைய 14 முதல் 16 கிலோமீற்றர் உயரத்தில், தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மேலாகக் கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். 1950களில் இதை விளக்கியவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம்.

பாடத்தைக் கச்சான் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூலையில், காலை எட்டு மணிக்கு முன் வையுங்கள். பிந்தினால் வெயில் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கெடுக்கும். கரையோரப் பள்ளிகளில் கடற்காற்றும் எழுந்து குழப்பும்.

முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மேசையில் மட்டமாகக் கிடத்துங்கள். திசைகாட்டியைப் பார்த்து நாற்புறமும் திசைகளை எழுதி, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். பக்கத்தில் ஒரு கம்பில் துணி நாடா கட்டுங்கள். மிக உயரத்தில் மெல்லிய இழைபோலத் தெரியும் கீற்று முகிலின் ஓரம் புள்ளியில் பட்டதும், அது எந்தத் திசைக்கு நகர்கிறது என்று பிள்ளை பார்க்க வேண்டும். தலை அசைந்தால் பிம்பமும் அசையும். ஆகவே நாடியைக் கதிரை முதுகில் ஊன்றச் சொல்லுங்கள். நாடா கிழக்கே பறக்க, முகில் பெரும்பாலும் மேற்கே போகும். கீற்று முகில் இல்லாத நாளில் வேறு முகிலை வைத்துச் சமாளிக்க வேண்டாம், பாடத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இங்கே ஒரு பிழை தவறாமல் வரும்: "கீழ் முகில்தான் வேகம்" என்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 1 கிலோமீற்றர் உயரத்தில் செக்கனுக்கு 8 மீற்றர் ஓடும் முகில், தலைக்கு நேர் மேலிருந்து ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 26 பாகை நகரும். 12 கிலோமீற்றரில் செக்கனுக்கு 30 மீற்றர் ஓடுவது 9 பாகைக்கும் குறைவு. கீழ் முகில் கிட்ட இருப்பதால்தான் வேகமாகத் தெரிகிறது. பாகையை மதிப்பிட, நீட்டிய கையின் முட்டி சுமார் 10 பாகை.

அடுத்து காற்றை வரைபடமாகக் காட்டும் விண்டி செயலியில் 850, 150 ஹெக்டோபஸ்கல் என்ற இரு அமுக்க மட்டங்களையும் (சுமார் 1.5, 14 கிலோமீற்றர் உயரம்) திறந்து ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். நவம்பரில் மறுபடி எடுங்கள். உதாரணத்துக்கு, கீழே மேற்குக் காற்று செக்கனுக்கு 10 மீற்றர், மேலே கிழக்குக் காற்று 25 மீற்றர் என்றால் வித்தியாசம் எவ்வளவு? பலர் 15 என்பார்கள். திசை எதிர் என்பதால் 35. அடுக்கிய கொப்பிகளில் மேலதை ஒருவரும் கீழதை ஒருவரும் எதிரெதிராக இழுத்தால் அடுக்கு சரிவதுபோல, சூறாவளியின் முகிற்கோபுரமும் சாய்ந்து, நடுவில் சேரவேண்டிய வெப்பம் சிதறிப்போகும். அதனால்தான் ஜூலையில் நமக்குச் சூறாவளி இல்லை. கார்த்திகையில் கிழக்கு ஜெற் ஓய்ந்து, அந்த வித்தியாசம் குறைகிறது. மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி வந்தது 1978 நவம்பர் 23.

கச்சான் காலத்து வறட்சிக்கு ஜெற்றைக் காரணம் சொல்ல விடாதீர்கள். ஈரத்தை மத்திய மலைநாடு மறிக்கிறது. மலையிறங்கும் காற்று சூடேறி உலர்கிறது. நம்பாத பிள்ளைக்கு இரத்தினபுரியின் ஜூலை மழையைக் காட்டுங்கள்: அதே ஜெற் அங்கேயும் மேலே ஓடுகிறது.