மேட்டூர் அணைக்குப் போகுமுன் நீர்மட்டம் பாருங்கள்

1934-ல் கட்டி முடித்த அணை, வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. சுவரில் ஈரக்கசிவு பார்த்து மிரள வேண்டாம், கல்லால் கட்டிய அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். பயப்பட வேண்டியது தண்ணீருக்கு.

கிளம்பும் முன் செய்தியில் நீர்மட்டம் பாருங்கள். முழு மட்டம் 120 அடி. 118, 119 என்று நின்று, மேலே கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் திறந்திருந்தால் 16 கண் மதகில் உபரி நீர் எப்போது வேண்டுமானாலும் வரும், அன்றைக்கு ஆற்றில் கால் வைக்காதீர்கள், செல்ஃபிக்குப் பாறை மேல் ஏறுவதும் அதில் சேர்த்திதான்.

மற்ற நாளில் குளிக்கிறீர்களா? கரைப் பாறையில் ஈரக்கோடு ஏறுகிறதா என்று ஒரு கண் வையுங்கள். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கி, செத்தை மிதந்து வந்தால் துண்டைக்கூட எடுக்காமல் மேலே வந்துவிடுங்கள்.

மட்டம் நன்றாக இறங்கினால் அணையின் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும், அவசியம் பாருங்கள். ஆனால் அங்கே வண்டல் மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், மிதித்தால் முழங்கால் வரை உள்வாங்கும். குச்சியால் குத்திப் பார்த்து நடங்கள். பரிசலா? லைஃப் ஜாக்கெட் தந்தால் மட்டும் ஏறுங்கள். அப்புறம் மீன் வறுவல், அதைக் குளித்து முடித்த பிறகு சாப்பிடுங்கள்.