பீடி சுத்துன வீட்டுப் பொண்ணு தன் கதைய எழுதறது எப்படி

குடியாத்தம் பக்கம் பீடி சுத்துற வீட்ல பொறந்து, படிச்சு, வேலைக்குப் போய், நடுவுல பொகையிலைக்கு அடிமையாகி, இப்ப மூணு வருஷமா அத தொடாம சொந்தக் கதைய எழுதிட்டு இருக்கேன். இதே மாதிரி எழுத நெனைக்கிற பொண்ணுங்களுக்குத்தான் இது.

"நாங்க ரொம்ப ஏழை"ன்னு ஆரம்பிக்காதீங்க. கைவேலையில இருந்து ஆரம்பிங்க. எங்கம்மா மடியில மொறத்த வெச்சு, ஈரத்துணியில ஊறுன எலைய தகடு வெச்சு வெட்டி, தூள் போட்டு சுருட்டி, வாய மடிச்சு நூல் கட்டுவாங்க. கூலி 1000 பீடிக்குத்தான், சரியில்லன்னு கழிச்சுப் போட்டா அந்தக் காசு போச்சு. ராத்திரி சிம்னி வெளக்குல "இன்னும் எவ்ளோ கொறையுது, எண்ணு"ம்பாங்க. இத எழுதுனா ஏழைன்ற வார்த்தையே வேணாம்.

வருஷம் ஞாபகம் இல்லன்னா வீட்ல ஊர் சம்பவத்த வெச்சு கேளுங்க. "வட ஆற்காட்ட ரெண்டா பிரிச்சப்ப நீ கைக்கொழந்த"ன்னாங்க எங்கம்மா, அப்ப அது 1989.

படிப்பு ஆசைய ஒரே வரியில தாண்டிடாதீங்க. பீடித் தொழிலாளர் நல நிதிக்கு 1976-ல சட்டம் வந்துச்சு, அதுலதான் எங்கள மாதிரி பசங்களுக்கு ஸ்காலர்ஷிப். அம்மாவோட பீடி கார்டு இருந்ததாலதான் எனக்குக் கெடச்சுது, ஆனா காலேஜ்ல ஃபார்ம் நீட்டறப்ப அம்மா தொழில்னு இருந்த எடத்த வெரலால மறைச்சேன். அந்த வெரல எழுத எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

போதையப் பத்தி எழுதறதுதான் ரொம்ப கஷ்டம். பல்வலிக்குன்னு ஆயா வெச்சுவிட்ட ஒரு கிள்ளு, அப்பறம் நானே. பீடி சுத்தறவங்களுக்கு தோல் வழியாவே நிகோடின் ஏறும், உண்மதான், ஆனா அத சாக்கா எழுதாதீங்க, நீங்க சொன்ன பொய்ய எழுதுங்க. ஆபீஸ் பாத்ரூம்ல கொழாய தொறந்து விட்டுட்டு துப்புனது, மீட்டிங்ல பேர் சொல்லி கேட்டப்ப வாய தொறக்க முடியாம வெறும் தலையாட்டுனது. விட்டுட்டு மறுபடி போட்டேன், ரெண்டு தடவ, அதையும் எழுதுனேன். இன்னும் விட முடியலன்னா எழுதறதுக்கு முன்னாடி 1800-11-2356-க்கு போன் பண்ணுங்க, பொகையில விட உதவுற அரசு நம்பர், காசு கெடையாது.

எழுதுனத வீட்ல படிச்சுக் காட்டுங்க. நான் படிச்சப்ப அம்மா கண்ண மூடி கேட்டாங்க. "இன்னா எழுதிக்கீற, அன்னிக்கு 800 தான் முடிஞ்சுது, ஒனக்கு ஜொரம்"னாங்க. 1000-ன்னு எழுதியிருந்தத அடிச்சிட்டேன்.