கடைக்கு வந்தவர் வழுக்கி விழுந்தால்? பப்ளிக் லயபிலிட்டி பாலிசியைப் புரிந்துகொண்டு எடுக்கும் முறை

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். கரூர் பக்கம் டிபன் ஹோட்டல் நடத்தும் அண்ணன் ஒருவர் ஒரு நாள் காலை போன் செய்தார். கை கழுவும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தேங்கியிருந்த டைல்ஸில் ஒரு பெரியவர் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். "தம்பி, வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டுறேனே, அதுல வாங்கிக் குடுத்துரு" என்றார். பாலிசியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் படித்தேன். அடுப்பு இருந்தது, கிரைண்டர் இருந்தது, மேஜை நாற்காலி இருந்தது. சாப்பிட வந்த மனிதர் அதில் இல்லை.

அந்தச் செலவு முழுக்க அவர் கையை விட்டுத்தான் போனது. அண்ணியின் வளையல் அடகுக்குப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். இன்னொருவருக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்

வெளிநாட்டில் ஜெனரல் லயபிலிட்டி என்று சொல்வதை, நம் ஊர் இன்சூரன்ஸ் ஆபீஸில் 'பப்ளிக் லயபிலிட்டி' என்று கேளுங்கள். உங்கள் இடத்தில், உங்கள் தொழிலால் வெளியாள் ஒருவருக்குக் காயமோ உயிரிழப்போ பொருள் சேதமோ ஏற்பட்டு, சட்டப்படி நீங்கள் இழப்பீடு தர வேண்டி வந்தால், அதைக் கம்பெனி ஏற்கும் பாலிசி இது. 'சி.ஜி.எல்.' (கமர்ஷியல் ஜெனரல் லயபிலிட்டி) என்று இன்னொன்று உண்டு. விற்ற சரக்கால் வரும் பொறுப்பும் பொதுவாக அதில் சேர்ந்தே வரும். திருப்பூரிலிருந்து அமெரிக்காவுக்குத் துணி அனுப்புகிறவர்களிடம், அங்கே வாங்குபவரே இதைக் கேட்பதுண்டு. ஹோட்டல், மண்டபம், ஜிம், டியூஷன் சென்டர், துணிக்கடை வைத்திருப்பவர்களுக்கு முதலாவதே போதும்.

'பப்ளிக் லயபிலிட்டி ஆக்ட் பாலிசி' என்பது வேறு. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த பிறகு, 1991-ல் வந்த சட்டத்தின் கீழ் எடுப்பது அது. அபாயகரமான ரசாயனங்களை அரசு குறித்த அளவுக்கு மேல் கையாளுகிறவர்கள் கட்டாயம் எடுக்க வேண்டும். யார் தவறு என்று பார்க்காமல் பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் தருவது அந்தச் சட்டம். துணிக்கடைக்காரர் கையில் அதைக் கொடுத்துப் பயனில்லை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஆபீஸிலேயே குழப்பம் நடக்கிறது, கவனம்.

படி 1: கையில் இருக்கும் பாலிசியைத் திறங்கள்

பேங்க் லோன் வாங்கியபோது எடுத்த பாலிசி பெரும்பாலும் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'வாக இருக்கும். 2021 ஏப்ரல் 1 முதல் வந்தது. ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்கானது. அது உங்கள் கட்டடத்தையும் சரக்கையும் காக்கும், அவ்வளவுதான். 'ஷாப்கீப்பர்ஸ்' பேக்கேஜ் வைத்திருந்தால், அதில் லீகல் லயபிலிட்டி என்ற பகுதி இருக்கிறதா, அதற்கு நேராகத் தொகை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பகுதி அச்சாகியிருக்கும், தொகை இருக்க வேண்டிய இடத்தில் கோடு இழுத்திருப்பார்கள். கோடு என்றால் அந்தப் பகுதியை நீங்கள் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

படி 2: வாடிக்கையாளர் நடக்கும் வழியில் நடங்கள்

கூட்ட நேரத்தில், ஒரு நோட்டோடு, வாசல் படியிலிருந்து தொடங்குங்கள். பெயர்ப் பலகையை எத்தனை போல்ட் பிடித்திருக்கிறது? ஷட்டர் பாதியில் நிற்கிறதா? சூடான சாம்பார் வாளியோடு சப்ளையர் திரும்பும் மூலையில் குழந்தைகள் ஓடுகிறார்களா? சிலிண்டர் எங்கே இருக்கிறது? லிஃப்ட், ஜெனரேட்டர், மாடிப்படிக் கைப்பிடி? இந்தப் பட்டியல்தான் பின்னால் நீங்கள் எந்தக் கூடுதல் கவர் கேட்க வேண்டும் என்று சொல்லும். அந்த அண்ணன் இதைச் செய்தபோது, முதல் வேலையாகக் கை கழுவும் இடத்து வழவழப்பான டைல்ஸைப் பெயர்த்துச் சொரசொரப்பான கல் போட்டார்.

படி 3: எவ்வளவு தொகைக்கு?

பாலிசியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒரு விபத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு என்பது 'ஏ.ஓ.ஏ.' வருடம் முழுவதற்கும் எவ்வளவு என்பது 'ஏ.ஓ.ஒய்.' 25 லட்சம், 1:4 என்று எடுத்தால், ஒரு விபத்துக்கு 25 லட்சம், வருடத்துக்கு 1 கோடி. ஒரு விபத்தில் பத்துப் பேர் பாதிக்கப்பட்டாலும் பத்துப் பேருக்கும் சேர்த்தே அந்த 25 லட்சம். வக்கீல் செலவும் வழக்கமாக இதற்குள்தான்.

25 லட்சம் பெரிய தொகையாகத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாகன விபத்து வழக்குகளில் இழப்பீடு கணக்கிட உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த முறை இது. இறந்தவருக்கு 35 வயது, சொந்தத் தொழில், மாதம் 25,000 வருமானம், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று நாலு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். வருட வருமானம் 3,00,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 4,20,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 3,15,000. அந்த வயதுக்கான பெருக்கல் எண் 16. மொத்தம் 50,40,000 ரூபாய், ஒரே ஒருவருக்கு. கடையில் நடக்கும் விபத்துக்கும் இதே முறைதான் என்று கட்டாயமில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் இழப்பு எந்த அளவுக்குப் போகும் என்பதை இது காட்டும். டெல்லி உபஹார் தியேட்டரில் 1997 ஜூன் 13-ஆம் தேதி தீப்பிடித்து 59 பேர் இறந்தார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் 20 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலா 10 லட்சம், மற்றவர்களுக்குத் தலா 7.5 லட்சம் என்று தீர்ப்பளித்தது. மண்டபம் வைத்திருப்பவர்கள், ஒரு முகூர்த்த நாளில் உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்து ஏ.ஓ.ஏ.வை முடிவு செய்யுங்கள்.

பிரீமியம் உங்கள் தொழில் வகை, விற்றுமுதல், இடங்களின் எண்ணிக்கை, தேர்ந்தெடுத்த லிமிட் இவற்றைப் பொறுத்தது. மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இரண்டு மூன்று லிமிட்டுகளுக்குக் கொட்டேஷன் கேளுங்கள். லிமிட் இரட்டிப்பானால் பிரீமியமும் இரட்டிப்பாகும் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

படி 4: எது சேராது?

உங்கள் வேலையாட்களுக்கு அடிபட்டால் இதில் வராது. அதற்கு இ.எஸ்.ஐ. அல்லது தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி தனியாக வேண்டும். டெலிவரி வண்டி மோதினால் வண்டி இன்சூரன்ஸ். அபராதம் எதற்கும் கிடைக்காது. உங்கள் பொறுப்பில் இருக்கும் அடுத்தவர் பொருளும் பொதுவாகச் சேராது. சர்வீஸுக்கு வந்த செல்போனும் தைக்கக் கொடுத்த பட்டுப் புடவையும் அந்தக் கணக்கில்தான் வரும்.

ஹோட்டல்காரர்கள் இங்கே நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். சாப்பாட்டால் வயிற்றுக்கு ஆகாமல் போனால், உணவு, பானங்களுக்கான கூடுதல் கவர் சேர்த்திருந்தால்தான் பேச முடியும். பார்சலும் வெளியே கல்யாணத்துக்குச் செய்யும் கேட்டரிங்கும் அதில் அடங்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். நீச்சல் குளம், இயற்கைச் சீற்றம் போன்றவையும் இப்படிக் கேட்டுச் சேர்ப்பவைதான்.

படி 5: புரோபோசல் ஃபார்மை (பாலிசிக்கான விண்ணப்பத்தை) நீங்களே நிரப்புங்கள்

என்னைப் போன்ற ஏஜென்டிடம் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள். மாடியில் பார்ட்டி ஹால் இருந்தால் எழுதுங்கள். போன வருடம் ஒருவர் விழுந்திருந்தால் அதையும் எழுதுங்கள். மறைத்த விஷயம் கிளெய்ம் நேரத்தில் வெளியே வந்தால் கம்பெனி மறுக்க அதுவே போதும்.

படி 6: விபத்து நடந்துவிட்டால்

முதலில் 108. கூட ஆள் அனுப்புங்கள், தண்ணீர் கொடுங்கள், வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். இதை எந்தப் பாலிசியும் தடுக்காது.

ஆனால் நம் மனசு அதோடு நிற்காது. "எல்லாச் செலவும் நான் பாத்துக்கறேன், தப்பு எங்க மேலதான்" என்று வாய் சொல்லிவிடும். நல்ல மனிதர்கள்தான் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால் கம்பெனியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ தொகை பேசவோ பணம் கொடுக்கவோ கூடாது என்பது பாலிசியின் நிபந்தனை. அதை மீறினால் கிளெய்ம் நிற்காமல் போகலாம். அதனால், "அண்ணா, இன்சூரன்ஸ் இருக்கு, இன்னைக்கே எழுதிப் போடுறேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்றைக்கே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சிசிடிவி பதிவைத் தனியே எடுத்து வையுங்கள்; சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதில் போடாமல் அப்படியே கம்பெனிக்கு அனுப்புங்கள்.

படி 7: இடைவெளி விடாதீர்கள்

நம் ஊர் பப்ளிக் லயபிலிட்டி பாலிசிகள் பெரும்பாலும் 'கிளெய்ம்ஸ் மேட்' வகை. விபத்து நடந்த நாளில் பாலிசி இருந்தால் மட்டும் போதாது. நோட்டீஸ் வரும் நாளிலும் இருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருடம் அவகாசம் இருக்கிறது. இந்த வருடம் விழுந்தவர் அடுத்த வருடம் கேட்கலாம். பாலிசியில் 'ரெட்ரோஆக்டிவ் டேட்' என்று ஒரு தேதி இருக்கும். அதற்குப் பிறகு நடந்தவைக்குத்தான் கவர். ஒருநாள் இடைவெளி விட்டுப் புதிதாக எடுத்தாலும் அந்தத் தேதி புதிதாகிவிடலாம். கம்பெனி மாற்றினாலும் பழைய தேதியையே அச்சிடச் சொல்லுங்கள்.

நியாயமான கிளெய்மை மறுத்தால், முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தனி உரிமையாளர்களும் குறுந்தொழில் நடத்துகிறவர்களும் போக முடியும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 155255 என்ற எண்ணில், இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' புகார் அமைப்பிலும் புகாரைப் பதியலாம்.