வளவில் கிடக்கும் பழைய அலுமினியப் படகு: காசைக் கொடுக்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

ஊர்காவற்றுறையில் ஒரு வளவின் கிணற்றடியில் அது கவிழ்ந்து கிடந்தது. பூவரசம் சருகு அரைவாசிக்கு மூடியிருந்தது. "இதன்மேல்தான் நான் ஒடியல் காயப்போடுகிறேன், தம்பி. வெயிலில் நன்றாகச் சுடும்" என்றார் வீட்டுக்கார அம்மா. பதினான்கு அடி நீளம். பக்கங்களில் தையல் போட்டதுபோல் வரிசை வரிசையாக ஆணித் தலைகள். யாரோ ஆய்வுக்கு வந்த வெளிநாட்டுக்காரர் விட்டுப்போனது என்பது அந்த வீட்டில் சொல்லும் கதை.

இப்படிப் பழைய அலுமினியப் படகொன்று உங்கள் கண்ணில் பட்டு, வாங்கித் திருத்தலாமா என்ற ஆசை வந்திருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். பார்த்து முடிவெடுக்க ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் மரம் தெரிந்த கைகளும் ஃபைபர் தெரிந்த கைகளும் ஏராளம். காரைநகரில் நோர்வே உதவியுடன் தொடங்கிய சீநோர் என்ற படகு கட்டும் நிறுவனத்தின் காலத்திலிருந்து ஃபைபர் வேலை இங்கே கைவேலையாகவே ஆகிவிட்டது. அலுமினியம் தெரிந்த கைகள் மிகக் குறைவு. பழைய அலுமினியப் படகுகளைக் கடல் தின்றதைவிட, மரத்துக்கும் ஃபைபருக்கும் செய்கிற வைத்தியத்தை அவற்றுக்கும் செய்து கெடுத்ததே அதிகம் என்பது என் எண்ணம்.

படி 1: எதற்காக வாங்குகிறீர்கள்?

பண்ணைப் பக்கம், மண்டைதீவுப் பக்கம், களப்பில் இரண்டு பேரும் ஒரு பிள்ளையும் தூண்டில் போட என்றால் பதினான்கு அடி அலுமினியம் நல்ல சாமான். இலகுவானது, ஆழமில்லாத நீரிலும் மிதக்கும், இரண்டு பேராகக் கரைக்கு இழுத்துவிடலாம். பருத்தித்துறைக்கு வெளியே வலை போட என்றால் வேண்டாம். அந்த அலைக்கு இந்த மெல்லிய தகடு பொருந்தாது. முருகைக்கல் கரையில் நாள்தோறும் இழுத்து ஏற்றுவதாக இருந்தாலும் யோசியுங்கள், அடித்தகடு தேய்ந்துவிடும்.

படி 2: படகு யாருடையது?

யாழ்ப்பாணத்தில் இது சின்னக் கேள்வியல்ல. உரிமையாளர் கனடாவில், சாவி சித்தப்பாவிடம், படகு மச்சாளின் வளவில் என்பது வழக்கமான நிலைமை. உரியவரிடமிருந்து எழுத்தில் ஒரு வரி வாங்குங்கள். எந்தப் பதிவு தேவை என்பதைக் கடற்றொழில் திணைக்கள அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படி 3: கையில் என்ன இருக்க வேண்டும்?

டோர்ச், சிறு சுத்தியல், மொட்டையான ஸ்குரூ டிரைவர், மெழுகுப் பென்சில், வாளி, பழைய துணி. படகு கவிழ்ந்து கிடந்தால் புரட்ட இரண்டு பேர். புரட்டுமுன் ஒரு தடியால் அடியைக் கிளறுங்கள், பாம்புக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

படி 4: வெளியே அல்ல, உள்ளே பாருங்கள்

வெளிப்புறத்துப் பூச்சு உரிந்திருப்பதையும் நெளிவுகளையும் கண்டு மிரள வேண்டாம், பளபளப்பைக் கண்டு மயங்கவும் வேண்டாம். படகின் ஆயுள் உள்ளே, அடித்தகட்டில், சருகும் சேறும் ஈரமாகக் கிடந்த இடத்தில் இருக்கிறது.

அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஒக்சைட்டுத் தோல் உண்டு. காற்றுப் பட்டுக்கொண்டே இருந்தால் அந்தத் தோல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். உப்புநீர் ஊறிய சருகோ சாக்கோ கம்பளமோ மேலே ஒட்டிக் கிடந்தால் காற்றும் இல்லை, தோலும் இல்லை. அந்த இடத்தில் வெள்ளை மாவு பூக்கும். மாவைத் துணியால் துடைத்துவிட்டு ஸ்குரூ டிரைவர் முனையால் மெல்ல அழுத்துங்கள். குண்டூசித் தலையளவு பள்ளங்கள் சிதறலாக இருந்தால் பயமில்லை. முனை தகட்டுக்குள் இறங்கினால், அல்லது உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளங்கள் நெருங்கிக் கிடந்தால், கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். இவ்வகைப் பழைய படகுகளின் தகடு பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீற்றர் அளவுதான், அதில் தின்னக் கொடுக்க மிச்சமில்லை.

மூலைகளையும் தடவிப் பாருங்கள். செப்புக் கம்பித் துண்டு, வலையிலிருந்து கழன்ற ஈயக்குண்டு, பித்தளை ஆணி ஏதாவது அகப்படும். உப்புநீரில் அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டு கிடந்தால் அது ஒரு பற்றறி, கரைந்துபோவது அலுமினியம். ஊர்காவற்றுறைப் படகில் நடு இருக்கைக்குக் கீழே ஒரு செப்புக் கம்பி, சின்ன விரல் நீளம். அதை எடுத்தபோது அதன் உருவம் அப்படியே தகட்டில் குழியாகப் பதிந்திருந்தது, வளைவு உட்பட.

ஃபைபர் ஒட்டு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அலுமினியத்தின் மேல் ஃபைபர் நெடுநாள் ஒட்டி நிற்காது. விளிம்பு நெகிழ்ந்ததும் உப்புநீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். பல வருடங்களுக்கு முன் நான் வாங்கிய முதல் படகில் இப்படி அழகான ஒட்டு ஒன்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து அதைப் பெயர்த்தேன். கீழே இருந்தது தகடல்ல, இடியப்பம். அந்தப் படகு பழைய இரும்புக்காரனுடன் போய்விட்டது. சீமெந்து பூசி அடைத்திருந்தாலும் இதே கதைதான், ஈரச் சீமெந்தின் காரம் அலுமினியத்தை அரிக்கும்.

வட்டமான, விளிம்பு சுத்தமான துளைகள் சில படகுகளில் இருக்கும். எப்படி வந்தவை என்று இங்கே யாரும் யாரிடமும் கேட்பதில்லை. திருத்துபவருக்கு அவை சுலபமான வேலை. சுற்றியுள்ள தகடு நலமாக இருந்தால் ஒரு துளை ஒரு மாலை நேர வேலைதான்.

படி 5: எஞ்சின் மாட்டும் பின்பலகை

பின்சுவரில் இரண்டு தகட்டுக்கு நடுவே மரப்பலகை இருக்கும். சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, பூசணிக்காயைத் தட்டியதுபோல் இருந்தால் உள்ளே உக்கிவிட்டது. உக்கியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஆனால் அதற்காக மட்டும் கைவிட வேண்டாம். பதினெட்டு மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் இரண்டு தட்டை எப்பொக்சியால் ஒட்டி, பழைய பலகையின் அளவுக்கு வெட்டி, வெட்டிய விளிம்புகளுக்கும் துளைகளின் உட்புறத்துக்கும் எப்பொக்சி பூசிப் போட்டால் வேலை முடிந்தது. செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய பச்சை நிறப் பலகையை மலிவென்று போட்டுவிடாதீர்கள், அந்தச் செம்பு தகட்டைத் தின்னும்.

பின்பலகையின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். குட்டைத் தண்டு எஞ்சினுக்கு 15 அங்குலம், நீண்ட தண்டுக்கு 20 அங்குலம். களப்புக்குக் குட்டைத் தண்டே போதும். எஞ்சின் எட்டுக் குதிரைவலுவே எனக்குப் போதுமாக இருக்கிறது. அமெரிக்காவில் 1972க்குப் பின் கட்டிய சிறு படகென்றால் எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைவலு என்று எழுதிய சிறு தகடு உள்ளே இருக்கும். அதை மீற வேண்டாம்.

படி 6: இருக்கைக்குள் இருக்கும் நுரை

இருக்கைப் பெட்டிகளுக்குள் மிதப்புக்காக நுரை அடைத்திருப்பார்கள். பல வருட மழையைக் குடித்த நுரை படகைக் கனமாக்கும், தகட்டையும் உள்ளிருந்தே அரிக்க விடும். ஒரு திருகாணியைக் கழற்றி விரலால் அழுத்துங்கள். நீர் கசிந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். மலிவு என்று ரெஜிபோம் அடைக்காதீர்கள், பெற்றோல் சிந்தினால் சர்க்கரைபோல் கரையும்.

படி 7: தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

இதுதான் இந்தப் பதிவின் உயிர். படகை நீரில் இறக்கிப் பார்த்தால் எங்கோ ஒழுகுகிறது என்று மட்டும் தெரியும், எந்த ஆணி என்று தெரியாது. படகை நிமிர்த்திக் கரையில் வைத்து உள்ளே தண்ணீர் ஊற்றினால் வெளியே ஒவ்வொரு ஆணியும் தன் பெயரைச் சொல்லும்.

முதலில் தாங்கல் கொடுங்கள். ஏரா நெடுகிலும், அதாவது படகின் அடி நடுமுதுகு நெடுகிலும், பழைய டயர்களை வைத்து, இரு பக்கமும் மணல் மூட்டை அணையுங்கள். இரண்டு முனையில் மட்டும் தூக்கி வைத்தால் தண்ணீரின் பாரத்தில் நடு வளைந்துவிடும். ஒரு லீட்டர் ஒரு கிலோ. பத்துச் சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஊற்றினாலே முந்நூறு, நானூறு கிலோ வந்துவிடும், அதற்குமேல் வேண்டாம். தீவுப் பகுதியில் நன்னீரின் அருமை உங்களுக்குத் தெரியும். உவர்க்கிணற்று நீரே போதும், முடிந்ததும் ஒரு வாளி நன்னீரால் கழுவிவிடுங்கள்.

பிறகு பொறுமையாக உட்காருங்கள். வெளிப்புறத்தைத் துணியால் உலர்த்திவிட்டு டோர்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். நல்ல ஆணி உலர்ந்தே நிற்கும். தளர்ந்த ஆணியின் தலையைச் சுற்றி முதலில் ஒரு மினுக்கம், பிறகு ஒரு துளி. அது பருத்து, தயங்கி, விழும். ஒவ்வொன்றையும் மெழுகுப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஊர்காவற்றுறைப் படகில் இருபத்து மூன்று வட்டம் போட்டேன், அதில் பத்தொன்பது ஒரே வரிசையில். ஏதோ ஒரு நாள் கல்லில் ஏறியிருக்கிறது என்று அந்த வரிசையே சொல்லிவிட்டது.

"தண்ணீரில் இரண்டு நாள் போட்டால் தானாக அடையும்" என்று யாராவது பெரியவர் சொல்வார். அவர் சொல்வது மரத்துக்குச் சரி. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற மரக்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்ததென்றால், நீரில் ஊறிப் பருத்த பலகையும் இடுக்குகளில் அடைத்த கலப்பத்தும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தது அதற்கு ஒரு காரணம். தகடு ஊறாது, பருக்காது. இன்று ஒரு துளி விட்ட ஆணி நாளை இரண்டு துளி விடும்.

படி 8: ஆணிகளை இறுக்குதல்

இதுவரை பார்த்தது வாங்குவதற்கு, இனி வருவது திருத்துவதற்கு. பட்டறையில் ரிவெட் என்று சொல்லும் தறையாணிதான் இந்தப் படகின் தையல். இது விமான வேலையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் குரும்மன் என்ற அமெரிக்கப் போர் விமான நிறுவனம் கையிலிருந்த தகட்டையும் ஆணி அடிக்கும் தொழிலாளரையும் வைத்து அலுமினியக் கனூக்கள் செய்யத் தொடங்கியது. அதனால் திருத்துவதும் விமானத்தைத் திருத்துகிற முறைதான், இரண்டு பேர் வேண்டும்.

உள்ளே ஒருவர் கனமான இரும்புக் கட்டியை ஆணியின் வாலோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே மற்றவர் தலையில் சுத்தியலால் தட்ட வேண்டும். இரண்டு மூன்று தட்டு, அவ்வளவுதான். எனக்கு உள்ளே இருந்து பிடித்தது தங்கையின் மகன். ஐந்தாவது ஆணியில் எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. "மாமா, பக்கத்து ஆணி ஆடுகிறது!" என்று உள்ளேயிருந்து கத்தினான். அளவுக்கு மிஞ்சி அடித்தால் தகடு விரிந்து அடுத்த ஆணி தளரும். அன்றைக்கு அவன் கத்தியிராவிட்டால் வரிசை முழுவதையும் கெடுத்திருப்பேன்.

இறுகாத ஆணியைத் துளையிட்டு எடுத்து, ஓர் அளவு பெரிய அலுமினிய ஆணியைப் பாலியூரித்தேன் சீலன்டில் தோய்த்து அடியுங்கள். உட்புறத்துக்குக் கை எட்டாத இடத்தில் மட்டும், வெளியிலிருந்தே இறுக்கக்கூடிய, முனை மூடிய பொப் ரிவெட். சாதாரண பொப் ரிவெட்டின் நடுவில் ஓட்டை உண்டு, அதன் வழியாகவே ஒழுகும். சிலிக்கன் பூச வேண்டாம். அது நிலைக்காது, பூசிய இடத்தில் பின்னர் பெயின்டும் பிடிக்காது.

படி 9: வெடிப்பும் துளையும்

ஒரு பட்டறைக்கு எடுத்துப்போய் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கட்டைவிரல் நீள வெடிப்பு. காஸ் சுவாலையைப் பிடித்தார்கள். இரும்பு சிவந்து எச்சரிக்கும், அலுமினியம் நிறம் மாறாது. ஒரு கணம் தகடாக இருந்தது, மறுகணம் நிலத்தில் சொட்டியது. கட்டைவிரல் நீளம் கைமுட்டியளவு ஓட்டையாகிவிட்டது. ஆர்கன் வாயுவோடு அலுமினிய வெல்டிங் செய்து பழகியவர் கிடைத்தால் மட்டும் வெல்டிங்குக்குப் போங்கள்.

இல்லையென்றால் ஒட்டுத் தகடே நல்லது. வெடிப்பின் இரு முனையிலும் சிறு துளை போட்டால் அது மேலும் ஓடாது. அதே தடிப்பில், கடல்நீரைத் தாங்கும் 5052 அல்லது 5083 வகை என்று எண் கேட்டு வாங்கிய தகட்டை மூலைகளை வளைவாக வெட்டி, சீலன்ட் தடவி, ஆணி அடியுங்கள். சட்டி செய்கிற தகடு வேண்டாம்.

படி 10: பெயின்ட்

பலர் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கடைசியில் செய்யுங்கள், வாடைக்காற்றும் மழையும் தொடங்குமுன் செய்யுங்கள். பழைய பூச்சை எடுக்கக் கோஸ்டிக் சோடா கூடாது, இரும்புக் கம்பித் தூரிகையும் கூடாது. தேய்த்து, கழுவி, உலர்ந்த அன்றே தகட்டை லேசாக அரித்துப் பிடிக்கும், அலுமினியத்துக்குரிய எச்சிங் பிரைமர் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒக்சைட்டுத் தோல் மறுபடியும் தடித்துவிடும். இரும்புக்கு அடிக்கிற சிவப்பு ஈயப் பிரைமரும் மரப் படகின் அடிக்கு அடிக்கிற செப்புப் பூச்சும் இந்தப் படகின் பக்கமே வரக்கூடாது. உட்புறத்துக்கு வெளிர் நிறம் போடுங்கள், நடுப்பகலில் வெறுங்காலோடு ஏறிப் பார்த்தால் காரணம் தெரியும்.

முதல் ஓட்டத்துக்கு எஞ்சின் வேண்டாம். இடுப்பளவு நீரில் இறக்கி, தாங்குகம்போடு ஒரு மணி நேரம் நில்லுங்கள், இறைப்பதற்கு ஒரு வாளி எடுத்துச் செல்லுங்கள். ஊர்காவற்றுறைப் படகில் அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு தேநீர்க் கோப்பையளவு தண்ணீர் வந்தது, மூன்று ஆணிகளை மறுபடியும் பார்த்தேன். அந்த அம்மாவுக்குப் பேசிய காசைக் கொடுத்தபோது அவர் முகம் அவ்வளவாக மலரவில்லை. அடுத்த வாரம் கூரைத் தகரம் இரண்டு கொண்டுபோய்க் கிணற்றடியில் கல் அடுக்கிப் போட்டுக் கொடுத்தேன், ஒடியல் காயப்போட.