இணையக் காணொளிக்கு மலிவான கேம்கார்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

இணையத்தில் காணொளி வெளியிட நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, கேம்கார்டர் (காணொளி எடுப்பதற்கென்றே செய்யப்பட்ட கையடக்கக் கேமரா) தமக்குத் தேவைதானா என்பதே. மேசை முன் அமர்ந்து பத்து நிமிடம் பேசுவதற்கும், சமையலை அருகிலிருந்து காட்டுவதற்கும் நடுத்தர விலைக் கைப்பேசியே போதும். அரங்கின் பின்வரிசையிலிருந்து இரண்டு மணி நேரக் கச்சேரியையோ பட்டிமன்றத்தையோ இடைவிடாமல் பதிவு செய்ய வேண்டியவருக்குத்தான் கேம்கார்டர் உண்மையில் உதவும். கைப்பேசி சூடேறி நின்றுவிடக்கூடும். பழைய டிஜிட்டல் ஸ்டில் கேமராக்கள் பலவும் 29 நிமிடம் 59 நொடியில் பதிவை நிறுத்திவிடும். (அரை மணிக்கு மேல் பதிவு செய்யும் கருவிக்கு ஐரோப்பாவில் வீடியோ கேமராவுக்குரிய சுங்கவரி விதிக்கப்பட்டதால் வந்த விசித்திரமான வரம்பு இது.) கேம்கார்டரோ மெமரி கார்டில் இடமும் பேட்டரியில் சார்ஜும் உள்ளவரை ஓடும்.

வாங்குவது என்று முடிவானால், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பவற்றை ஒதுக்கிவிட்டு, கருவியில் 3.5 மி.மீ. மைக் ஜாக் (வெளி மைக்கைச் செருகும் துளை) இருக்கிறதா என்று பாருங்கள். படம் சற்றே மங்கலாக இருந்தாலும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். மின்விசிறி இரைச்சலுக்கும் அறையின் எதிரொலிக்கும் நடுவே பேச்சைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தால் அடுத்த காணொளிக்குப் போய்விடுவார். உள்ளே பொருத்தப்பட்ட மைக், பேசுபவர் நான்கடி தள்ளிப் போனாலே இந்தக் குறையைக் காட்டிவிடும். சட்டையில் குத்தும் சிறிய மைக் குறைந்த செலவில் அதைத் தீர்க்கும். சோனி எச்டிஆர்-சிஎக்ஸ்405 விலை குறைந்தது, எடை குறைந்தது, 30 மடங்கு ஆப்டிகல் ஜூம் (லென்ஸே காட்சியை நெருக்கிக் காட்டுவது) உடையது. ஆனால் அதில் மைக் ஜாக் இல்லை. பானசோனிக் எச்சி-வி785 விலை கூடியது; அதில் உண்டு. ஜாக் இல்லாத கருவியோடு கைப்பேசியில் தனியாக ஒலியைப் பதிந்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டி, பின்னர் எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்தலாம். எப்போதாவது எடுப்பவருக்கு இது போதும். வாரந்தோறும் வெளியிடுபவருக்கு வீண் வேலை.

அடுத்து ஒளி. ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சாரின் அளவைக் குறிக்கும் பின்னத்தில் கீழே உள்ள எண் சிறிதாக இருந்தால் சென்சார் பெரிது: மேற்சொன்ன சோனியில் 1/5.8 அங்குலம், பானசோனிக்கில் 1/2.3 அங்குலம். திருமண மண்டபம், வகுப்பறை போன்ற குறைந்த வெளிச்சத்தில் இந்த வேறுபாடு படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஜூமைப் பொறுத்தவரை ஆப்டிகல் எண் மட்டுமே கணக்கு. டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். பெயர் கேள்விப்படாத நிறுவனங்கள் ‘4கே, 48 மெகாபிக்சல்’ என்று இணையக் கடைகளில் விற்கும் கருவிகளில் பெரும்பாலும் ஆப்டிகல் ஜூமே இருக்காது. அந்தப் பணத்தைச் செலவிடுவதைவிடக் கைப்பேசிக்கு ஒரு டிரைபாடும் மைக்கும் வாங்குவதே நல்லது.

வெளிநாட்டிலிருந்து உறவினரை வாங்கிவரச் சொல்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. அங்கே விற்கும் மாடல்கள் பல நொடிக்கு 30 அல்லது 60 ஃபிரேம்களில் (தனிப் படங்களில்) மட்டுமே பதிவு செய்யும் என்பதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கேற்ப மினுங்கும் நம் ஊர்க் குழல்விளக்கின் கீழ் படம் துடிக்கக்கூடும். ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 நொடி என்று கையால் அமைக்க முடிந்தால் அது அடங்கும். மலிவான கருவிகள் சிலவற்றில் அந்த வசதி இருப்பதில்லை.

4கே கட்டாயமில்லை. யூடியூப் 30 ஃபிரேம் ஃபுல் எச்டி காணொளிக்குப் பரிந்துரைக்கும் பதிவேற்ற அளவே நொடிக்கு 8 மெகாபிட்தான். கேமராவில் நொடிக்கு 50 மெகாபிட் தரத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 22.5 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டில் இரண்டரை மணிக்குச் சற்று மேல் அடங்கும். வி30 குறியிட்ட (நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும்) கார்டு இதற்குத் தாராளம்.

பழைய கருவி வாங்குவதானால் மினிடிவி டேப் மாடல்களைத் தவிருங்கள்; அவற்றிலிருந்து படத்தை இறக்கத் தேவையான ஃபயர்வயர் இணைப்பு இன்றைய கணினிகளில் பெரும்பாலும் இல்லை. புதியதோ பழையதோ, பணம் கொடுக்கும் முன் உங்கள் கார்டைப் போட்டு, கடையின் இருண்ட மூலையில் ஒருவரைப் பேசவைத்துப் பதிவு செய்து, அதைக் கணினித் திரையில் ஹெட்போனுடன் பார்த்துவிடுங்கள்.